இரண்டு கலர் தாளும் சர் சி.வி. இராமனும்

ஒவ்வொரு பிப்ரவரி 28-ம் தேதியும் நாம் தேசிய அறிவியல் தினம் கொண்டாடுகிறோம். அன்று பிரேயரில் யாராவது ஒருத்தர் சர் சி.வி. இராமனைப் பற்றி இரண்டு நிமிடம் பேசுவோம். 1888-ல் பிறந்தார், 1930-ல் நோபல் பரிசு வாங்கினார், 1970-ல் இறந்தார், நன்றி வணக்கம் என்று இறங்கிவிடுவோம். நானும் ஏழாவது படிக்கும்போது அப்படித்தான் பேசினேன். எல்லாரும் கை தட்டினார்கள். அன்று சாயந்தரம் என் தம்பி, அவரு என்னத்தக்கா கண்டுபிடிச்சாருன்னு கேட்டான். எனக்குச் சொல்லத் தெரியவில்லை. கடல் ஏன் நீலமா இருக்குன்னு கண்டுபிடிச்சாருடா என்று சமாளித்தேன். அது பாதி பதில்தான் என்று இந்த வருடம்தான் தெரிந்தது.

அது தெரிந்ததே ஒரு விளையாட்டால்தான். தம்பி பிறந்த நாளுக்கு வந்த ஒரு பரிசுப் பொருளை சிவப்புக் கண்ணாடித் தாளில் சுற்றியிருந்தார்கள். அவன் அதைக் கிழித்து கண்ணில் வைத்துக்கொண்டு வீடெல்லாம் ஓடினான். நான் ஒரு சின்னத் துண்டை வெட்டி அம்மாவோட போன் கேமராவுக்கு முன்னால் ஒட்டிப் படம் எடுத்தேன். முதலில் எல்லாம் ரத்தச் சிவப்பாக வந்தது. போனை கறுப்பு வெள்ளைக்கு மாற்றி எடுத்தபோதுதான் ஆச்சரியம். நம்ம செம்பட்டியில் நின்று மேற்கே பார்த்தால் கொடைக்கானல் மலை நீலமாக, புகை மூடிய மாதிரி தெரியும் இல்லையா? அந்தப் படத்தில் புகை குறைந்து மலையின் மடிப்பெல்லாம் பளிச்சென்று தெரிந்தது. வானம் மழைக்கு இருட்டின மாதிரி கறுத்து, அதில் மேகம் மட்டும் வெள்ளையாக நின்றது. வேப்பமரம் கரியால் வரைந்த மாதிரி இருந்தது. ஒரு ரூபாய் செலவில்லை.

ஏன் அப்படி? சிவப்புத் தாள் ஒன்றும் வெளிச்சத்துக்குச் சிவப்புச் சாயம் பூசுவதில்லை. வெள்ளை வெளிச்சத்தில் எல்லா நிறமும் கலந்து இருக்கிறது. சிவப்புத் தாள் அதில் சிவப்பை மட்டும் உள்ளே விட்டு, நீலத்தையும் பச்சையையும் பிடித்து வைத்துக்கொள்கிறது. மாவுச் சல்லடை மாதிரி. அதனால்தான் அதற்கு வடிகட்டி, ஃபில்டர் என்று பெயர். வானத்திலிருந்து வருவது பெரும்பாலும் நீலம். அது தடுக்கப்பட்டதால் வானம் கறுத்தது. மலைக்கும் நமக்கும் நடுவில் இருக்கும் காற்று, வெயிலில் உள்ள நீலத்தை அதிகமாகச் சிதறடித்து மலைமேல் ஒரு நீலத் திரை போடுகிறது. அந்தத் திரையும் தடுக்கப்பட்டதால் மலை தெளிந்தது. இதை எங்கள் அறிவியல் டீச்சரிடம் காட்டினேன். அவர் படத்தைப் பார்த்துவிட்டு, நீ பிடித்திருப்பது இராமன் பிடித்த வால்தான் என்று சொல்லி நூலகத்திலிருந்து இரண்டு புத்தகம் எடுத்துக் கொடுத்தார். அதைப் படித்துத்தான் இதை எழுதுகிறேன். கொஞ்சம் நீளமாகிவிட்டது, மூன்று சார்ட் ஒட்டியிருக்கிறேன். இடது பக்கமிருந்து படிக்கவும்.

இராமன் 1888 நவம்பர் 7 அன்று திருச்சிக்குப் பக்கத்தில் திருவானைக்காவலில் பிறந்தார். அப்பா சந்திரசேகர ஐயர், அம்மா பார்வதி அம்மாள். எட்டுப் பிள்ளைகளில் இரண்டாவது. அப்பாவுக்கு விசாகப்பட்டினத்தில் கல்லூரி ஆசிரியர் வேலை கிடைத்ததால் குடும்பம் அங்கே போய்விட்டது. பிள்ளை படிப்பில் படு கெட்டி. நாம் ஆறாவது படிக்கிற வயதில் அவர் மெட்ரிகுலேஷன் முடித்துவிட்டார். 14 வயதில், அதாவது என் வயதில், சென்னை மாநிலக் கல்லூரியில் பி.ஏ. சேர்ந்தார். 1904-ல் பட்டம், தங்கப் பதக்கம். 1907-ல் எம்.ஏ. அதற்கு முந்தின வருடமே, 18 வயதில், ஒளியைப் பற்றி அவர் எழுதிய கட்டுரை லண்டன் பத்திரிகையில் வெளிவந்துவிட்டது. இங்கிலாந்து போய்ப் படிக்கலாம் என்றால், உடம்பு அந்தக் குளிரைத் தாங்காது என்று டாக்டர் தடுத்துவிட்டார். அந்தக் காலத்தில் நம் நாட்டில் ஆராய்ச்சி என்று தனியாக வேலை கிடையாது. அதனால் நிதித்துறைப் பரீட்சை எழுதி முதலிடம் வாங்கி, அதே 1907-ல் லோகசுந்தரி அம்மாளைத் திருமணம் செய்துகொண்டு, கல்கத்தாவில் பெரிய கணக்கு அதிகாரியாக உட்கார்ந்துவிட்டார். அப்போது வயது 18. கதை இதோடு முடிந்திருந்தால் நாம் பிரேயரில் அவரைப் பற்றிப் பேசப் போவதில்லை.

ஒரு நாள் டிராம் வண்டியில் போகும்போது பௌபஜார் தெருவில் 210-ம் எண் கட்டிடத்தில் ஒரு பலகையைப் பார்த்தார். இந்திய அறிவியல் வளர்ச்சிக் கழகம் என்று எழுதியிருந்தது. டாக்டர் மகேந்திரலால் சர்க்கார் என்பவர், இந்தியர்கள் சொந்தமாக ஆராய்ச்சி செய்யட்டும் என்று 1876-ல் ஊர் ஊராக நன்கொடை வாங்கி ஆரம்பித்த இடம். அவரும் இறந்துவிட்டார். கருவிகள் தூசி பிடித்துக் கிடந்தன. இராமன் கதவைத் தட்டினார். திறந்தவர் அசுதோஷ் டே. அன்றிலிருந்து இவரும் அவரும் சேர்ந்து விடிகாலையில் ஆராய்ச்சி, பிறகு இராமன் ஆபீஸ், சாயந்தரம் மறுபடி ஆராய்ச்சி என்று பத்து வருடம் ஓட்டினார்கள். வீணை, வயலின், மிருதங்கம் இதிலெல்லாம் ஒலி எப்படிப் பிறக்கிறது என்று பார்த்தார். மிருதங்கத்தில் கறுப்பாக ஒரு சாதம் ஒட்டியிருப்பார்களே, அந்தக் கறுப்பால்தான் அது வெறும் டமடம சத்தமாக இல்லாமல் சுருதியோடு பேசுகிறது என்று காட்டியவர் இவர். (நம்ம கோயில் திருவிழாவில் மேளம் வாசிப்பவர்கள் பக்கத்தில் போய் நான் இனிமேல் அதைத்தான் பார்க்கப் போகிறேன்.) 1917-ல் கல்கத்தா பல்கலைக்கழகத்தில் பேராசிரியர் பதவி கொடுத்தார்கள். சம்பளம் ரொம்பக் குறைவு. அரசாங்க வேலையை விட்டுவிட்டு அதற்குப் போனார். எங்க வீட்டில் அப்படி யாராவது செய்தால் அப்பத்தா மூன்று நாள் சாப்பிட மாட்டார்.

1921-ல் முதல் தடவையாக வெளிநாடு போனார். ஆக்ஸ்ஃபோர்டில் மாநாடு. திரும்பி வரும்போது நர்குண்டா என்ற கப்பலில் வந்தார். மத்தியதரைக் கடல் அவ்வளவு நீலமாக இருந்தது. கடலுக்கு நிறம் கிடையாது, வானத்தின் நீலம்தான் அதில் கண்ணாடி போல் தெரிகிறது என்று ராலே என்ற பெரிய விஞ்ஞானி சொல்லியிருந்தார். எல்லாரும் அதை ஒத்துக்கொண்டு சும்மா இருந்தார்கள். இராமன் சட்டைப் பையில் நிக்கோல் பட்டகம் என்ற சின்னக் கருவி வைத்திருந்தார். அதை ஒரு குறிப்பிட்ட கோணத்தில் பிடித்துப் பார்த்தால் தண்ணீர் மேல் பட்டுத் திரும்பும் வெளிச்சம் அணைந்துவிடும். அப்படி வானத்தின் பிம்பத்தை அணைத்துவிட்டுப் பார்த்தார். கடல் வெளுக்கவில்லை, இன்னும் ஆழமான நீலமாகத் தெரிந்தது. அப்படியானால் நீலம் தண்ணீருக்கு உள்ளேயிருந்து வருகிறது, தண்ணீரின் மூலக்கூறுகளே வெளிச்சத்தைச் சிதறடிக்கின்றன என்று கப்பலிலேயே எழுதி, பம்பாய்த் துறைமுகம் வந்ததும் அனுப்பிவிட்டார். நான் தம்பிக்குச் சொன்ன பதில் இந்த இடம் வரைதான். ஆனால் நோபல் பரிசு இதற்கு இல்லை. இதற்கு அப்புறம் ஏழு வருடம் இருக்கிறது. அந்த ஏழு வருடமும் வண்ண வடிகட்டி வைத்துக்கொண்டு நடந்த கதை.

கல்கத்தா வந்ததும் இராமனும் மாணவர்களும் தண்ணீர், சாராயம், கிளிசரின் என்று கிடைத்த திரவத்தில் எல்லாம் வெளிச்சத்தை விட்டுப் பார்க்க ஆரம்பித்தார்கள். விளக்குக்குச் செலவில்லை, வெயில்தான் விளக்கு. ஒரு கண்ணாடி வெயிலைத் திருப்பி அறைக்குள் அனுப்பும். பெரிய தொலைநோக்கி லென்ஸ் அதைக் குவிக்கும். இருட்டறையில் திரவத்துக்குள் ஒரு ஒளிக்கோடு தெரியும். சன்னல் ஓட்டை வழியாக வெயில் விழும்போது தூசியில் கோடு தெரியுமே, அது மாதிரி. ஆனால் இங்கே தூசி இல்லை, மூலக்கூறுகள்தான் சிதறடிக்கின்றன.

1923-ல் ராமநாதன் என்ற மாணவர் (பாலக்காட்டுக்காரர்) வெயிலின் பாதையில் ஊதா நிறக் கண்ணாடி ஒன்றை வைத்தார். இப்போது தண்ணீருக்குள் போவது ஊதா வெளிச்சம் மட்டும். அடுத்து, பார்க்கிறவர் கண்ணுக்கு முன்னால் பச்சை நிற வடிகட்டி. அது ஊதாவை விடாது. ஆக, உள்ளே போனது ஊதா மட்டும், வெளியே வர அனுமதி பச்சைக்கு மட்டும். என்ன தெரிய வேண்டும்? ஒன்றுமே தெரியக்கூடாது. ஆனால் லேசாக, மிகவும் லேசாக, அந்த ஒளிக்கோடு தெரிந்தது.

இந்த இடத்தில் எனக்குப் புத்தகம் புரியவில்லை. அதனால் நானும் தம்பியும் வீட்டிலேயே செய்து பார்த்தோம். போன் டார்ச்சின் மேல் நீலக் கண்ணாடித் தாளை நாலாக மடித்து ரப்பர் பேண்டு போட்டோம். கேமரா முன்னால் மஞ்சள் தாள். இருட்டாகும் என்று நினைத்தால் பச்சையாக வந்தது. டிராயிங்கில் நீலமும் மஞ்சளும் கலந்தால் பச்சை வருமே, அதேதான். இந்தத் தாள் இரண்டுமே பச்சையைக் கொஞ்சம் விட்டுவிடுகின்றன. அப்புறம் நீலத்தை எட்டு மடிப்பாக்கினோம். மஞ்சள் தாளுக்குப் பதிலாக கேசரி பவுடர் கரைத்த தண்ணீரைத் தட்டையான கண்ணாடிப் பாட்டிலில் ஊற்றி வைத்தோம். கேசரி பவுடர் தண்ணீர் கலங்காமல், ஆரஞ்சுக் கண்ணாடி மாதிரியே இருக்கும். எவ்வளவு போடுவது என்று மூன்று தடவை மாற்றினோம். அம்மாவிடம் திட்டும் வாங்கினோம். கடைசியில் கிட்டத்தட்ட இருட்டு வந்தது. முழு இருட்டு வரவில்லை. மலிவான நீலத் தாள் அடிச்சிவப்பைக் கொஞ்சம் ஒழுக விடுகிறது.

அடுத்து ஒரு டம்ளரில் தேங்காய் எண்ணெய். நீல டார்ச்சை பக்கவாட்டில் அடித்து, கேசரித் தண்ணீர் வழியாகப் பார்த்தால் இருட்டு. அதே எண்ணெயில் ஒரு சிட்டிகை மஞ்சள் தூளைப் போட்டுத் தெளிய வைத்துவிட்டுப் பார்த்தால், ஆத்தாடி, எண்ணெய் மஞ்சளாக ஒளிர்கிறது! நீலம் மட்டும்தான் உள்ளே போனது, மஞ்சள் எங்கிருந்து வந்தது? மஞ்சளில் உள்ள சத்து நீல வெளிச்சத்தைக் குடித்துவிட்டு வேறு நிறமாகத் திருப்பிக் கக்குகிறது. இதற்கு ஒளிர்தல் என்று பெயர். போனில் எடுத்த படத்தைப் பார்த்தால் ஏதோ மந்திரவாதி மருந்து மாதிரி இருக்கும். அச்சுப் போட வழியில்லாததால் கலர் பென்சிலில் வரைந்திருக்கிறேன்.

இப்போது ராமநாதன் நிலைமை உங்களுக்குப் புரியும். அவரும் மற்றவர்களும் அப்படித்தான் நினைத்தார்கள். தண்ணீரில் ஏதோ அழுக்கு இருக்கிறது, அந்த அழுக்கு ஒளிர்கிறது என்று. இராமன் என்ன செய்யச் சொன்னார் தெரியுமா? தண்ணீரைச் சுத்தம் பண்ணு என்றார். மெதுவாக ஆவியாக்கி, குளிர்வித்து, மறுபடி ஆவியாக்கி, மறுபடி குளிர்வித்து. அழுக்குதான் காரணம் என்றால் சுத்தம் பண்ணப் பண்ண அந்தக் கோடு மங்க வேண்டும். மங்கவில்லை. எத்தனை தடவை வடித்தாலும் அதே அளவு லேசாக அப்படியே நின்றது. இராமனுக்கு இது அழுக்கு இல்லை என்று மனசில் பட்டுவிட்டது. ஆனால் மனசில் பட்டது போதாது இல்லையா. 1925-ல் கிருஷ்ணன் 60-க்கும் மேற்பட்ட திரவங்களைச் சுத்தம் செய்து பார்த்தார். எல்லாவற்றிலும் அது இருந்தது. இந்த கே.எஸ். கிருஷ்ணன் வேறு யாரும் இல்லை, நம்ம பக்கத்து மனிதர், ஸ்ரீவில்லிபுத்தூருக்குப் பக்கத்தில் வத்திராயிருப்பு. அவரைப் பற்றி யாரும் பிரேயரில் பேசுவதில்லை என்பது எனக்கு ஒரு வருத்தம்.

1927 கடைசியில் வெங்கடேஸ்வரன் என்பவர் சுத்தமான கிளிசரினில் பார்த்தபோது சிதறி வந்த வெளிச்சம் நீலமாக இல்லாமல் பச்சை கலந்து இருந்தது. அது மட்டுமில்லை, அந்த வெளிச்சத்தின் அதிர்வு ஒரே பக்கமாக ஒழுங்குபட்டிருந்தது. ஒளிர்தலில் அவ்வளவு ஒழுங்கு இருக்காது. எங்கள் மஞ்சள் எண்ணெயும் இவர்கள் கிளிசரினும் வேறு வேறு ஜாதி என்பதற்கு இதுதான் அடையாளம். இராமனுக்குப் பொறி தட்டியது. 1928 ஜனவரி, பிப்ரவரி முழுக்க கிருஷ்ணனோடு உட்கார்ந்து ஒவ்வொரு திரவமாக மறுபடியும் பார்த்தார். பிப்ரவரி 28 அன்று, கண்ணுக்கு முன்னால் வைத்த வடிகட்டியை எடுத்துவிட்டு நிறமாலைமானி வழியாகப் பார்த்தார்கள். உள்ளே அனுப்பிய நிறம் ஒரு இடத்தில், நடுவில் ஒரு இருட்டு இடைவெளி, அதற்கு அப்புறம் தனியாக ஒரு புது நிறம். அனுப்பாத நிறம் அது. மறுநாள் செய்தியாகச் சொல்லிவிட்டார்கள். பாதரச விளக்கு வைத்துப் பார்த்தபோது அந்தப் புது நிறம் கூர்மையான கோடுகளாகவே தெரிந்தது. அதைப் போட்டோத் தகட்டில் பிடித்தார்கள். அந்தப் படத்துக்கு நம்ம போன் மாதிரி டக்கென்று ஒரு கிளிக் போதாது. மணிக்கணக்கில் தகட்டைத் திறந்து வைத்துக் காத்திருக்க வேண்டும். ஆவியாக இருக்கும் பொருள் என்றால் நாட்கணக்கு.

நடந்தது இதுதான். வெளிச்சம் மூலக்கூறு மேல் மோதும்போது பெரும்பாலும் அதே நிறத்தில் திரும்பிவிடும். சுமாராக ஒரு கோடியில் ஒன்று மட்டும், மூலக்கூறை அதிர வைத்து, தன் ஆற்றலில் கொஞ்சத்தை அதற்குக் கொடுத்துவிட்டு, மிச்சத்தோடு வரும். ஆற்றல் குறைந்தால் நிறம் மாறும். ஊதா கொஞ்சம் பச்சைப் பக்கம் நகரும். எவ்வளவு நகர்ந்தது என்று அளந்தால் அது எந்த மூலக்கூறு என்று சொல்லிவிடலாம். அதனால்தான் இன்றைக்கும் மருந்தில் கலப்படம், வைரம் அசலா போலியா என்றெல்லாம் பார்க்க இராமன் விளைவைப் பயன்படுத்துகிறார்கள். ஒரு கோடியில் ஒன்றை, மற்ற எல்லாவற்றையும் மறைத்துவிட்டுக் கண்ணால் பார்க்க வைத்தது அந்த இரண்டு வடிகட்டிகள். அதே மாதங்களில் ரஷ்யாவில் லான்ட்ஸ்பெர்க், மாண்டல்ஸ்டாம் என்ற இருவரும் குவார்ட்ஸ் படிகத்தில் இதையே பார்த்தார்கள், ஆனால் வெளியே சொன்னது இவர்களுக்குப் பிறகு. 1929-ல் இராமனுக்கு சர் பட்டம். 1930-ல் நோபல் பரிசு. அறிவியலுக்காக அந்தப் பரிசு வாங்கிய முதல் ஆசியர் அவர். அறிவிப்பு வருவதற்கு மாதங்களுக்கு முன்பே தனக்கும் மனைவிக்கும் கப்பல் டிக்கெட் எடுத்துவிட்டாராம். தன்னம்பிக்கை என்று சிலர் சொல்வார்கள், தலைக்கனம் என்றும் சொல்வார்கள். எனக்கு ரெண்டும்தான் என்று தோன்றுகிறது.

இனிமேல் எழுதுவதை எழுதலாமா வேண்டாமா என்று இரண்டு நாள் யோசித்தேன். என் தோழி, பெரிய மனுசங்களைப் பத்தி அப்படி எழுதக்கூடாதுடி என்றாள். டீச்சரிடம் கேட்டேன். உண்மைதானே, எழுது என்றார்.

1933-ல் இராமன் பெங்களூரில் இந்திய அறிவியல் நிறுவனத்தின் இயக்குநர் ஆனார். அந்தப் பதவிக்கு வந்த முதல் இந்தியர். அதே வருடம் பம்பாய்ப் பல்கலைக்கழகத்தில் நல்ல மதிப்பெண்ணோடு தேறிய கமலா பாகவத் என்ற பெண் அங்கே ஆராய்ச்சிக்கு விண்ணப்பம் போட்டார். அவருடைய அப்பாவும் சித்தப்பாவும் அங்கேயே படித்தவர்கள். இராமன் சேர்க்க மாட்டேன் என்றார். மதிப்பெண் குறைவு என்றா? இல்லை. பெண் என்பதால். கடலைப் பார்த்ததும் எல்லாரும் சொன்னதை நம்பாமல் சோதித்துப் பார்த்த அதே மனிதர், பெண்ணால் முடியாது என்று எல்லாரும் சொன்னதை மட்டும் சோதித்துப் பார்க்கவே இல்லை. இதைப் படித்த அன்று, மேலே வரைந்திருக்கும் தலைப்பாகைப் படத்தைப் பாதியில் நிறுத்திவிட்டேன். எங்கள் சொந்தக்காரர் ஒருவர், பத்தாவது முடிச்சா போதும், சயின்ஸ் குரூப்புக்கு இவளைத் தினம் பஸ் ஏற்றி யார் அனுப்புறது என்று வீட்டில் பேசிக்கொண்டிருந்தது அதற்கு முந்தின வாரம்தான். அவர் பேசியது எனக்கு அவ்வளவு வலிக்கவில்லை. இராமன் அப்படி நினைத்தார் என்பதுதான் வலித்தது.

கமலா திரும்பிப் போகவில்லை. நேராக அவர் முன்னால் போய் நின்று ஏன் என்று கேட்டார், நகர மறுத்தார். கடைசியில் நிபந்தனையோடு சேர்த்தார்கள். முதல் வருடம் சோதனைக் காலம். வேலை திருப்தியாக இருந்தால்தான் முறையான மாணவி. ஆண் ஆராய்ச்சியாளர்களின் கவனம் அவரால் சிதறக் கூடாது. ஒரு வருடம் கழித்து இராமனே அவர் வேலையைப் பார்த்துத் திருப்திப்பட்டு முறையாகச் சேர்த்தார். அதற்குப் பிறகு மற்றப் பெண்களுக்கும் அங்கே இடம் கிடைத்தது. கமலா பருப்பிலும் பாலிலும் உள்ள புரதங்களை ஆராய்ந்தார். பிறகு கேம்பிரிட்ஜ் போய் 1939-ல் டாக்டர் பட்டம் வாங்கினார். திருமணத்துக்குப் பின் அவர் பெயர் கமலா சோஹோனி. ஆனால் இராமன் தன்னை நடத்திய விதத்தை அவர் கடைசி வரை மறக்கவில்லை.

இன்னொருவர் அன்னா மாணி. 1918-ல் பீர்மேட்டில் பிறந்தவர், நம்ம கம்பம் மலைக்கு அந்தப் பக்கம். சென்னை மாநிலக் கல்லூரியில் படித்து, 1940-ல் இராமனுடைய ஆய்வகத்திலேயே சேர்ந்தார். இராமனுக்கு வைரம் என்றால் உயிர். முப்பதுக்கும் மேற்பட்ட வைரங்களை அன்னா மாணி ஒவ்வொன்றாக எடுத்து, அவை என்ன நிறத்தை விழுங்குகின்றன, என்ன நிறத்தில் ஒளிர்கின்றன என்று போட்டோத் தகட்டில் பதிவு செய்தார். ஒரு படத்துக்குத் தகடு 15 மணி நேரம், 20 மணி நேரம் திறந்திருக்க வேண்டும். பல நாள் இரவு ஆய்வகத்திலேயே தூங்கினார். தனியாகவே ஐந்து ஆய்வுக் கட்டுரை எழுதினார். ஆய்வேட்டைக் கொடுத்தபோது, எம்.எஸ்ஸி. பட்டம் இல்லை என்று காரணம் சொல்லி டாக்டர் பட்டம் தரவில்லை. அவர் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளாமல் இங்கிலாந்து போய் வானிலைக் கருவிகளைப் பற்றிப் படித்து வந்தார். நம் நாட்டில் மழை, காற்று, வெயில் அளக்கும் கருவிகள் இங்கேயே தயாராகக் காரணமானவர்களில் முக்கியமானவர். 2001 வரை இருந்தார். அந்த ஆய்வகத்தில் ஆண் மாணவரும் பெண் மாணவரும் சேர்ந்து நின்று பேசினாலே இராமனுக்குப் பிடிக்காதாம். அப்படியும் 15 மணி நேரம் தகட்டுக்குக் காவல் இருந்திருக்கிறார் பாருங்கள்.

நான் படத்தை முடித்துவிட்டேன். தலைப்பாகைக்கு வெள்ளை பென்சில் இல்லாததால் தாளை அப்படியே விட்டிருக்கிறேன். பக்கத்தில் சின்னதாக அன்னா மாணி, கமலா இரண்டு பேரையும் வரைந்திருக்கிறேன்.

மற்றதைச் சீக்கிரம் சொல்லிவிடுகிறேன். 1937-ல் இயக்குநர் பதவியை விட்டார், அங்கேயே பேராசிரியராக இருந்தார். 1948-ல் ஓய்வு பெற்றதும் பெங்களூரில் தனக்கென்று இராமன் ஆராய்ச்சி நிலையத்தை அமைத்துக்கொண்டார். 1954-ல் பாரத ரத்னா. வண்ணத்துப்பூச்சி, கல், சிப்பி, படிகம் என்று நிறம் உள்ளதையெல்லாம் சேர்த்து அங்கே ஒரு காட்சிசாலையே வைத்திருந்தார்.

வயதான பிறகும் அவர் வடிகட்டியைக் கீழே வைக்கவில்லை என்பதுதான் எனக்கு ரொம்பப் பிடித்தது. எழுபது வயதுக்கு மேல், நோபல் பரிசு வாங்கி முப்பது வருடம் கழித்து, மனிதக் கண் நிறத்தை எப்படிப் பார்க்கிறது என்று ஆராய ஆரம்பித்தார். ரோஜாப் பூக்களை நிறமாலைமானியில் வைத்துப் பார்த்தார். நிலக்கோட்டைப் பூ மார்க்கெட்டைப் பார்த்திருந்தால் அங்கேயே தங்கியிருப்பார். ஒரு சோதனை மிகவும் எளிது. நன்றாக வெளிச்சம் படும் வெள்ளைத் திரையை ஒரு வண்ண வடிகட்டி வழியாகக் கொஞ்ச நேரம் உற்றுப் பார்க்க வேண்டும். பிறகு கண்ணை அசைக்காமல் வடிகட்டியைச் சட்டென்று எடுத்துவிட வேண்டும். அப்போது திரையில் வேறொரு நிறம் கொஞ்ச நேரம் தெரியும். தன் கண்ணின் விழித்திரையே அதில் தெரிகிறது என்று அவர் கருதினார். கேமரா இல்லை, தகடு இல்லை, கண்ணே கேமரா. இதையெல்லாம் சேர்த்து 1968-ல் பார்வையைப் பற்றி ஒரு புத்தகம் எழுதினார். அதில் அவர் சொன்ன எல்லாவற்றையும் மற்ற விஞ்ஞானிகள் ஏற்கவில்லை. 1970 நவம்பர் 21 அன்று தன் நிலையத்திலேயே இறந்தார். அந்தத் தோட்டத்திலேயே தகனம் செய்தார்கள்.

கடைசியாக, இந்தச் சார்ட்டுக்குக் கீழே ஒரு கவர் தொங்குகிறது. அதில் சிவப்பு, நீலம், மஞ்சள், பச்சை என்று நான்கு கண்ணாடித் தாள் அட்டையில் ஒட்டி வைத்திருக்கிறேன். வராந்தாவில் நின்று சிவப்பு வழியாக மலையைப் பாருங்கள். வீட்டில் போன் இருந்தால் தாளைக் கேமராவில் ஒட்டி, கறுப்பு வெள்ளையில் எடுத்துப் பாருங்கள். கலரில் எடுத்தால் போன் தானாகவே நிறத்தைச் சரிசெய்யப் பார்க்கும், சரியாக வராது. தாள் கசங்கியிருந்தால் படம் மங்கும், விரல் ரேகையும் படக்கூடாது. எந்தத் தாள் வழியாகவும் சூரியனை மட்டும் பார்க்காதீர்கள், கண் போய்விடும். பார்த்து முடித்ததும் தாளைத் திரும்பக் கவரில் வைத்துவிடவும். நீலம் ஏற்கெனவே ஒன்று காணோம், எடுத்தவர்கள் தயவுசெய்து கொண்டுவந்து வைக்கவும்.

– ஒன்பதாம் வகுப்பு மாணவி, செம்பட்டி